ஒன்பது கோலுக்கு ஒன்பது கேள்வி

மணற்குடா திருச்சிலுவைக் கல்லூரி ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தோற்ற அன்று அதற்காக விளையாடிய பதினொரு பேரில் ஒருவன்கூட அந்தக் கல்லூரியில் படித்தவன் இல்லை. இதில் யாரும் வாயைப் பிளக்க வேண்டியதில்லை. லண்டனில் முறை அப்படித்தான். ஊரில் அப்பா எந்தக் கல்லூரியில் படித்தாரோ அந்தக் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கே மகன் ஓட வேண்டும். மகன் இல்லாத வீட்டில் மருமகனைப் பிடிப்பார்கள். முன்வரிசையில் விளையாடும் பவித்திரன் அப்படி அகப்பட்டவன்தான். கல்யாணப் பதிவு எழுத்தன்று மாமனார் மோதிரத்தோடு ஒன்பதாம் இலக்கச் சட்டையையும் கையில் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் நடந்தது ஜூலை முதல் சனிக்கிழமை, செவன் கிங்ஸ் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு மைதானத்தில். லண்டனுக்கு இது வெயிலா என்று சூரியனே சந்தேகப்படும்படி முப்பத்துமூன்று பாகை எரித்தது. எதிரணி நெடுவயல் மத்திய கல்லூரி. அவர்களும் அப்பன்மாரின் பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் ஓடினார்கள். நம்மவர்கள் முதல் கால் மணி நேரம் நடந்தார்கள், பிறகு நின்றார்கள், கடைசியில் புல்லில் உட்காராததுதான் குறை.

அன்று மாலை ஆறு மணிக்குள் ‘மணற்குடா மைந்தர்கள்’ வாட்ஸ்அப் குழுவில் இருந்த இருநூற்றுப் பதினான்கு பேரும் உதைபந்தாட்ட நிபுணர்களாகிவிட்டார்கள். பாரிஸில் இருந்தபடி, ஆட்டத்தைக் கண்ணாலும் காணாத ஒருவர், நடுக்களம் சரியில்லை என்று தீர்ப்பெழுதினார். இன்னொருவர் ஏழு நிமிடக் குரல்பதிவு போட்டார். அதில் நாலு நிமிடம் இருமல். “உந்தப் பெடியளுக்குப் பீட்சா தின்னத்தான் தெரியும்” என்று ஒருவர் கண்டுபிடித்தார். “ஓடமாட்டாங்கள், போனைத்தான் தடவுவாங்கள்” என்று அதற்கு ஆதாரம் சேர்த்தார் இன்னொருவர், தன் போனைத் தடவிக்கொண்டு. எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். பெடியள் மனம் வைத்து விளையாடவில்லை.

இத்தனை பேர் கொதிக்கும்போது பழைய மாணவர் சங்கச் செயலாளர் அருள்நேசன் சும்மா இருப்பாரா? பதினொரு வருடமாக அவர்தான் லண்டன் கிளையின் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்பதை மக்களின் நம்பிக்கை என்று அவர் எடுத்துக்கொண்டார். வேலை, கவுன்சிலின் பார்க்கிங் பிரிவில். தெருவில் பிழையாக நிறுத்திய கார்களின் கண்ணாடியில் தண்டச்சீட்டு ஒட்டி, ஓடிவந்து காரணம் சொல்பவர்களின் முகத்தைப் பார்த்து ஒன்றையும் நம்பாமல் நிற்பது. அந்தப் பயிற்சி அவருக்கு வீட்டிலும் சங்கத்திலும் கைகொடுத்தது. கல்லூரிக் காலத்தில் அவரும் உதைபந்தாட்ட அணியில் இருந்தார், பதினைந்து வயதுக்குட்பட்ட பிரிவில், மேலதிக ஆட்டக்காரராக. இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தது அவர்தான். வருடங்கள் போகப் போகத் தோடம்பழம் கதையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது.

அவர் அன்றிரவே உட்கார்ந்து ‘ஒன்பது கோலுக்கு ஒன்பது கேள்வி’ என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிக் குழுவில் போட்டார். கோலுக்கு ஒன்று என்ற கணக்கில் கேள்வி அமைந்ததில் அவருக்குப் பெருமை. பத்துக் கோல் விழுந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அணித் தலைவனும் கோல் காத்தவனும் ஒரே ஆள், அந்த ஆள் அவருடைய மகன் கிளின்ரன் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே பாராட்டுக் குவிந்தது. “மகன் எண்டும் பாக்காமல் கேட்டீங்கள் அண்ணை, செயலாளர் எண்டால் இப்பிடி இருக்கவேணும்” என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே எண்பத்தாறு கட்டைவிரல்கள் நிமிர்ந்தன. அருள்நேசன் அவற்றை இரண்டு தரம் எண்ணிவிட்டுப் படுத்தார்.

கிளின்ரனுக்கு இருபத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, ஃபாரஸ்ட் கேட்டில் தனி பிளாட். ஞாயிறு தோறும் மனோர் பார்க்கில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான். மாறி மாறி ஷிப்ட் இருந்தாலும் ஞாயிறு மத்தியானத்தை மட்டும் அவன் விட்டுக்கொடுத்ததில்லை. தாய் இம்மாகுலேற் அன்றைக்கு நண்டு வைப்பாள். தகப்பனும் மகனும் நண்டுக்காலை உடைத்துக்கொண்டு பேசும் அந்த ஒரு மணி நேரம்தான் அருள்நேசனுக்கு வாரத்தின் மிச்ச நாட்களைத் தாங்க வைப்பது. இதை அவர் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை, இம்மாகுலேற்றுக்கும் சொன்னதில்லை.

மறுநாள் அவன் வந்து நேரே குசினிக்குப் போனான். தமிழ் நன்றாகப் பேசுவான், வாசிக்கத் தெரியாது. ஐந்து பேர் அந்தக் கடிதத்தை அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. போனைத் தாயிடம் நீட்டினான்.

“அம்மா, இதை ஒருக்கா வாசியுங்கோ.”

இம்மாகுலேற் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டாள். கடைசியில் யார் எழுதியது என்று பார்க்காமல் வாசிக்கத் தொடங்கியதுதான் அவள் விட்ட பிழை. முன்னறையில் இருந்த அருள்நேசன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். தன் எழுத்தை இன்னொருவர் உரத்து வாசிக்கக் கேட்பது எழுதுபவர்களுக்கு எப்போதும் ஒரு சுகம்.

“முதலாவது கேள்வி. மைதானத்துக்கு வந்தது விளையாடவா, வேடிக்கை பார்க்கவா? … நாலாவது. இருபது நிமிடத்திலேயே நாக்குத் தள்ளியது ஏன்? பயிற்சிக்கு என்று சொல்லிவிட்டு எங்கே போனீர்கள்? … ஏழாவது. ஏழாவது கோல் விழும்போது கோல் காப்பாளர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது ஏன்? பஸ்ஸுக்குக் காத்திருந்தாரா?”

அவள் நிறுத்தினாள். “ஆர் இந்த விசர் எழுதினது?” என்று கீழே பார்த்தாள். அங்கே புருஷனின் பெயர் இருந்தது.

“மிச்சத்தையும் வாசியுங்கோ அம்மா” என்றான் கிளின்ரன்.

“ஒன்பதாவது. நீங்கள் மனம் வைத்துத்தான் விளையாடினீர்களா?”

முன்னறையில் சுகம் எப்போதோ போய்விட்டிருந்தது. கிளின்ரன் வந்து டிவிக்கு முன்னால் நின்றான்.

“அப்பா, நான் மனம் வைச்சு விளையாடேல்லை எண்டு நீங்கள் நினைக்கிறீங்களோ?”

அருள்நேசன் தொண்டையைச் செருமினார். “அது நான் செயலாளரா எழுதினது தம்பி. அப்பாவா எழுதேல்லை.”

“நேற்று நீங்கள் எங்களை…” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தவன், தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். “ஓகே. அப்ப செயலாளற்ற வீட்டில நான் சாப்பிட ஏலாது.”

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தியிருந்தால் அருள்நேசனுக்குக் கோபப்பட ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும். இம்மாகுலேற் நண்டுச் சட்டியை முழுதாகக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். “தின்னுங்கோ செயலாளர்” என்றாள்.

அடுத்த ஞாயிறு கிளின்ரன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இம்மாகுலேற் வழமைபோல மூன்று பேருக்குச் சமைத்து, மகனின் பங்கை ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, பஸ் ஏறி ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கொண்டுபோனாள். அருள்நேசன் தனியே இருந்து நண்டுக்காலை உடைத்தார். சத்தம் வீடெல்லாம் கேட்டது. எண்பத்தாறு பேரில் ஒருவர்கூட வந்து பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை.

மகன் வேண்டும். ஆனால் எழுதியதைத் திரும்பப் பெறச் செயலாளருக்கு ஏலாது. யோசித்து யோசித்து அவர் ஒரு வழி கண்டார். தோல்வியை விசாரிக்க அவசரப் பொதுக்கூட்டம் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. அதில், அணித் தலைவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். பெடியன் ஒரு வரி எழுதிக் கொடுப்பான். செயலாளர் எழுந்து பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வார். சபை கை தட்டும். மத்தியானம் நண்டு. அவருடைய மூளைக்கு இதைவிட நல்ல சமாதானம் எட்டவில்லை. நாலு பக்கத்தில் உரை தயாரித்தார்.

கூட்டம் ஞாயிறு பூசை முடிந்து பன்னிரண்டரைக்கு, கோயில் மண்டபத்தில். வழமையான பொதுக்கூட்டத்துக்கு இருபது பேர் வந்தால் பெரிய விஷயம். அன்றைக்குக் கதிரை போதவில்லை. அடுத்தவன் பிள்ளையை விசாரிக்கிறார்கள் என்றால் சனம் வரும். ஆட்டக்காரர்கள் பின்சுவரோடு நின்றார்கள். கிளின்ரன் கதவுக்குப் பக்கத்தில், கையில் ஒரு பொலித்தீன் பையோடு. பைக்குள் சட்டை இருந்தது, தோய்த்து மடித்தபடி. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதற்கென்று கொண்டுவந்திருக்கிறான் என்பது மேடையில் இருந்த அருள்நேசனுக்குப் பார்த்தவுடன் விளங்கியது. அதற்கு முன் தீர்மானத்தை நிறைவேற்றிவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார்.

ஆனால் சங்கத் தலைவர் புவனேசன் நீதி தவறாத மனிதர். செவன் கிங்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், கடையில் நாலு கமெரா. “வாயால கதைச்சு வேலையில்லை, வீடியோ இருக்கு” என்றார். “ஆர் ஓடினது, ஆர் ஓடேல்லை எண்டு சபை தன்ர கண்ணால பாக்கட்டும்.”

வீடியோ எடுத்தவர் ‘ஷோபா வீடியோ’ செல்வமணி. கல்யாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை எல்லாவற்றுக்கும் அவர்தான். சங்கம் அவருக்குக் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று: பிரமுகர் ஒருவரும் விடுபடக் கூடாது. திரையில் முதலில் ரோசாப்பூ இதழ்கள் விழுந்தன. இரண்டு புறாக்கள் பறந்தன. பிறகு மைதானம்.

“மாட்ச்சுக்குப் போடுங்கோ செல்வமணி” என்று யாரோ கத்தினார்கள்.

“அண்ணை, இது எடிட் பண்ணி முடிச்ச கொப்பி. மாட்ச் கடைசியிலதான் வரும். வேணுமெண்டால் கொஞ்சம் கெதியா ஓட விடுறன்.”

திரையின் மூலையில் நேரம் ஓடியது. காலை பத்துப் பன்னிரண்டு. திருச்சிலுவை அணி முழுச் சீருடையில் இரண்டு வரிசையாக நிற்கிறது. விளையாட்டு விழாவை நடத்தும் கல்லூரியின் ஆட்டக்காரர்கள்தான் பிரதம விருந்தினரை அணிவகுத்து வரவேற்க வேண்டும், இது முறை. பிரதம விருந்தினர் கனடாவிலிருந்து வந்த பழைய மாணவர், பல்வைத்தியர் கிருஷ்ணமூர்த்தி. அவர் வந்து இறங்கியபோது மூலையில் பதினொன்று முப்பத்தைந்து. வரிசை அப்படியே நின்றது. பிறகு கொடியேற்றம். மங்கல விளக்கு, காற்றுக்கு அணைந்து அணைந்து ஐந்து திரியையும் ஏற்ற ஒன்பது நிமிடம். இறந்தவர்களுக்கு அகவணக்கம். கல்லூரிக் கீதம், ஒரு வரியும் விடாமல். ஆசியுரை. தலைவர் உரை. பந்தலுக்குள் பிரமுகர்கள் மோர் குடித்தார்கள். பந்தலுக்கு வெளியே பதினொரு பேர் வெயிலில் நின்றார்கள்.

மண்டபத்தில் சிலர் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு நாலு. திரையில் அருள்நேசன் எழுந்தார், கோட்டுப் போட்டு, கையில் தாள்களோடு. செயலாளரின் வரவேற்புரை. “வேகமா ஓட்டுங்கோ” என்று சொல்ல மேடையில் இருந்த அருள்நேசன் வாயெடுத்தார். அதற்குள் புவனேசன், “இதைச் சத்தத்தோட போடுங்கோ” என்றார். மரியாதைக்காகத்தான் சொன்னார், பாவம்.

“நிறைவாக ஒன்று கூறி அமர்கிறேன்” என்றார் திரை அருள்நேசன். நேரம் பன்னிரண்டு பத்தொன்பது. பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு, “இறுதியாக” என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “முடிவாக ஒரேயொரு வார்த்தை” என்றபோது பன்னிரண்டு முப்பத்தேழு. இப்போது நடுவரிசையும் சிரித்தது. செல்வமணியின் கமெரா பிரமுகரை விட்டு விலகவில்லை. ஆனால் பிரமுகருக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதும் அதில் விழுந்துதானே இருக்கும். அவர் தோளுக்கு மேலே ஒருவன் குந்தினான். அடுத்து இருவர். பவித்திரன் புல்லில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டான். இடது மூலையில், மரநிழலில், நெடுவயல் பெடியள் அப்போதுதான் வந்து பையை இறக்கிவைத்து றோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். பத்து மணி என்று அழைப்பிதழ் சொன்னால் ஒரு மணிக்குத்தான் பந்து உருளும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய கல்லூரிக்கும் ஒரு சங்கம் இருக்கிறது.

ஒருவன் மட்டும் நின்றான். கிளின்ரன். கையில் கல்லூரிக் கொடி, ஆறடிக் கம்பத்தில். “கொடி நிலத்தில் முட்டக் கூடாது, அது எங்கள் தாய்” என்று காலையில் ஒலிவாங்கியில் சொன்னவர் அருள்நேசன்தான். யாரோ தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிறார்கள். கம்பத்தை விட முடியாததால் அவன் தலையை ஆட்டி மறுக்கிறான். கண் தகப்பனின் முதுகில். ஒரு கட்டத்தில் அவனுடைய முழங்கால் மடிகிறது. இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்து, நிமிர்ந்து, திரும்பவும் நிற்கிறான்.

பன்னிரண்டு நாற்பத்துமூன்று. திரை அருள்நேசன் “நன்றி, வணக்கம்” என்றார். பந்தலுக்குள் இரண்டு பேர் தூக்கத்திலிருந்து விழித்துத் தட்டினார்கள். வெளியே கிளின்ரனுக்குக் கை தட்ட வழியில்லை. அவன் கொடியை உயர்த்தி ஆட்டினான், இரண்டு தரம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. திரையில் அருள்நேசன் தாள்களை அடுக்கியபடி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் வீடியோவில் மொத்தம் ஆறு நிமிடம்தான் இருந்தது. மிச்ச நேரம் செல்வமணி பிரமுகர்களின் சாப்பாட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு நிமிடத்துக்குள் ஏழாவது கோல் வந்தது. கிளின்ரன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொடியைப் பிடித்த அதே பிடி, அதே மடிந்த முழங்கால்.

விளக்குப் போட்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பீட்சா நிபுணர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியாத புவனேசன் ஒலிவாங்கியை எடுத்து, “அடுத்ததாக, தீர்மானத்தைச் செயலாளர் முன்மொழிவார்” என்றார். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருந்தது.

அருள்நேசன் எழுந்தார். நாலு பக்கமும் கையில் இருந்தன. அந்த வெயிலில் அவன் நின்றது கல்லூரிக்காக இல்லை, அந்தக் கல்லூரியை அவன் கண்டதேயில்லை. பேசியது அப்பா என்பதற்காக நின்றான். பேசிய அப்பாவோ செயலாளராக இருந்தார். வெட்கம் காதுவரை சுட்டது. அவர் பின்சுவரைப் பார்த்தார். கிளின்ரன் இன்றும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

“கிளின்ரன்” என்றார் ஒலிவாங்கியில். “நீ இரு அப்பன்.”

இருக்கக் கதிரை இல்லை. தாள்களை மேசையில் போட்டுவிட்டு, தான் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு அவர் மேடையை விட்டு இறங்கினார். செயலாளர் கதிரை தேக்கு, கனம். சனம் காலை ஒதுக்கியது. மூச்சு வாங்க மண்டபத்தின் கடைசிவரை கொண்டுபோய் மகனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நீங்கள் இருங்கோ அப்பா.”

“நான் நிக்கிறன். நீ இரு.”

கிளின்ரன் கொஞ்சம் யோசித்துவிட்டு இருந்தான். பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டான், கொடுக்கவில்லை. பிறகு நேரே பார்த்தபடி, “வீட்டில இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டான்.

“நண்டு.”

“ஆற்ற வீட்டில? செயலாளற்ற வீட்டிலயோ?”

“அம்மான்ர வீட்டில” என்றார் அருள்நேசன். இரண்டு வரிசை தள்ளி இருந்த இம்மாகுலேற் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னுக்குத் திரும்பிக்கொண்டாள்.

“செயலாளர்…” என்று மேடையிலிருந்து ஒலிவாங்கி இரைந்தது. “உங்கட உரை?”

“அது முடிஞ்சுது” என்றார்.

சபை அதை நம்பவில்லை. பதினொரு வருடப் பழக்கத்தில், இன்னும் இரண்டு ‘இறுதியாக’ பாக்கி இருக்கிறது என்று பேசாமல் காத்திருந்தது. ஒன்றும் வராததால் புவனேசன் அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டார், பிறகு அதற்கடுத்தவரை. வீரர்களை இனி எப்படி ஊக்குவிப்பது என்று ஆறு பேர் விரிவாகப் பேசினார்கள். கூட்டம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. அருள்நேசன் அவ்வளவு நேரமும் மகனுக்குப் பக்கத்தில் நின்றார்.